நிழலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

மரியபுஷ்பத்தின் மூத்த மகள் செலினுக்குத் திருப்பூரில் மாதம் நெருங்கியபோது, கீழ்ப்பாடியில் குடியிருந்த நாங்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு சீக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டோம். ஒருத்திக்கு இடுப்பு பிடித்தது, ஒருத்திக்குச் சாயங்காலமானால் தலை சுற்றியது, எனக்கு மண்ணெண்ணெய் வாடை ஆகாமல் போயிற்று, பூசாரி சுடலைமுத்துவின் மனைவிக்கு மாலைக்கண்ணே வந்துவிட்டது, அதுவும் அன்று காலையில்தான் வந்தது. புஷ்பம் வீடு வீடாக வந்து கதவருகில் நின்று, மகள் பிள்ளை பெற்று எழுந்து உட்காரும்வரை தன் சிறுத்தை நிழலை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். நாங்கள் செலினை விசாரித்தோம், மாப்பிள்ளையை விசாரித்தோம், திருப்பூரில் தண்ணீர் எப்படி என்று விசாரித்தோம், நிழலைப் பற்றி மட்டும் வாயே திறக்காமல் அவளுக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

பேறுகாலத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. ஆனால் சுவரில் சிறுத்தை படுத்திருக்கும் வீட்டுக்கு எந்தப் பிள்ளைத்தாய்ச்சி வருவாள்? வளையல் போட்ட அன்றே செலின் சொல்லிவிட்டாள், நீ வேண்டுமானால் இங்கே வா, நான் அங்கே வர மாட்டேன் என்று. அவளைக் குறை சொல்ல முடியாது. தங்கையைத் தின்ற மிருகத்தின் நிழலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்த யாருக்கு மனம் வரும்? அம்மாக்காரிக்கு மட்டும் எப்படி வந்தது என்பதுதான் எங்களுக்கும் புரியாமல் இருந்தது.

எங்கள் பாடி வால்பாறைக்கு மேலே, நீரோடிப்பாறை எஸ்டேட்டில், தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. பாடி என்பது கொழுந்து பறிக்கிறவர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசை. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்மல். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பின்பக்கக் குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்த புஷ்பத்தின் இளைய மகள் ரோஸ்லினை, தேயிலைக்குள்ளிருந்து வந்த சிறுத்தை தூக்கிக்கொண்டு போயிற்று. வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்தார்கள், ஆட்டைக் கட்டினார்கள், சிறுத்தை மாட்டியது, கூண்டோடு லாரியில் ஏற்றி வேறு காட்டுக்குக் கொண்டு போனார்கள். கூட்டமும் கூச்சலும் செல்போனில் படம் பிடிப்பவர்களின் தள்ளுமுள்ளுமாக இருந்த அவசரத்தில் அதன் நிழலை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். கூண்டு இருந்த புல்லில் அது பொழுது சாயும்வரை அப்படியே கிடந்தது. பிறகு எழுந்து முதுகை நெளித்து, எங்கள் வீட்டுச் சுவர்களின்மேல் ஒவ்வொன்றாக நடந்து வந்து, புஷ்பத்தின் வீட்டுக்குள் போய், விளக்குக்கு எதிர்ச் சுவரில் படுத்துக்கொண்டது.

கவாத்துக் கத்தி, மண்வெட்டி, கொதிக்கிற வெந்நீர் என்று கைக்குக் கிடைத்ததோடு ஓடினோம். புஷ்பம் அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்று, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்றாள். அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு நாங்களும் போனோம்.

எத்தனை நாளைக்குத்தான் ஒன்றைப் பார்த்துப் பயந்துகொண்டே இருப்பது, கொழுந்து காத்திருக்குமா? வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினோம். சிறுத்தை எங்கள் பொறுப்பு, நிழல் எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். எஸ்டேட் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, பாடியில் கோழியும் ஆடும் தவிர வேறு வளர்க்க அனுமதி இல்லை என்றார், யூனியன்காரர் நிழல் எந்த விதியில் வருகிறது என்று காட்டுங்கள் என்று சண்டை பிடித்தார். மாதா கோயில் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், அது நக்கிக்கொண்டது. யாரோ சுவரில் குங்குமம் அப்பி எலுமிச்சம்பழம் வைத்தார்கள், புஷ்பம் ஈரத்துணியால் துடைத்துப் பழத்தை ஊறுகாய் போட்டாள். பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களால் எங்கள் டீக்கடைக்காரருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் நல்ல வியாபாரம். அதன்பிறகு பள்ளிக்கூட டீச்சரே, வாய்ப்பாடு சொல்லாத பிள்ளைகளைப் புஷ்பம் வீட்டில் விட்டுவிடுவேன் என்று மிரட்டுகிற அளவுக்கு அது எங்களில் ஒருவராகிவிட்டது.

ஆனால் பயம் போகவில்லை, அதன்மேல் நாங்கள் பாயை விரித்துப் படுத்திருந்தோம், அவ்வளவுதான். பகலில் அது பரண் மூலையில் சுருண்டு தூங்கும். இருட்டத் தொடங்குவதற்குள் அரிக்கேன் விளக்கை ஏற்றிவிட வேண்டும், வெளிச்சம் பட்டால் சுவருக்கு வந்து ஒழுங்காகப் படுத்துக்கொள்ளும். ராத்திரியில் ஆள் மூச்சு இல்லாத வீட்டில் அது தங்காது, மூச்சைத் தேடிக் கிளம்பிவிடும். அதற்குத் தீனி, மற்றவற்றின் நிழல். வாளைக் கருவாட்டை நூலில் கட்டி விளக்குக்கு முன்னால் பிடித்தால், கருவாட்டின் நிழல் சுவரில் விழும், அது கவ்விக்கொள்ளும். அப்புறம் அந்தக் கருவாட்டைக் குழம்பு வைத்தால் ருசியில் ஒரு குறையும் இருக்காது, நிழல்தான் இருக்காது.

ஒரு ஆடி மாதக் காற்றில் விளக்குக் கண்ணாடி உடைந்து, புஷ்பம் தீப்பெட்டியைத் தேடுவதற்குள் வீடு இருட்டிவிட்டது. வாசலில் படுத்திருந்த பூசாரி வீட்டு நாய், அதற்குப் பேர் டைகர், ஒரு தரம் முனகியது. காலையில் பார்த்தால் நாய் நன்றாகத்தான் இருந்தது, வெயிலில் நின்றால் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து டைகர் பூசாரியின் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலமானால் புஷ்பத்தின் வாசலில் வந்து உட்கார்ந்து சுவரையே பார்க்கும். பூசாரி சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தார், நாய் சங்கிலியோடு திரும்பி வந்தது. எங்கள் பிள்ளைகளைச் சாயங்காலம் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தும்போது, எங்கள் எல்லோருக்கும் அந்த நாயின் முதுகுதான் கண்ணில் இருக்கும்.

கடைசியில் புஷ்பம் பக்கத்து வீட்டுக் கனியிடம் போனாள். சண்முகக்கனியின் வீடு புஷ்பம் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில். அவளுக்கு ஒரே மகள், வர்ஷிகா, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கனிக்கு வலி கண்ட அன்று ஆஸ்பத்திரி வண்டி வராமல், கொழுந்து லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டு போனபோது, வளைவில் பிள்ளை பிறந்தது. அதைக் கையில் வாங்கித் தன் முந்தானையில் துடைத்தவள் புஷ்பம். நாங்கள் சொன்ன சீக்கு எதையும் கனியால் அவளிடம் சொல்ல முடியவில்லை. வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அக்கா?” என்று கேட்டாள்.

விளக்கு எரிகிறவரை ஒன்றும் ஆகாது என்று புஷ்பம் சொன்னாள். விளக்கின் பின்பக்கத்தில் தான் வெட்டிப் பொருத்தியிருந்த பால்பவுடர் டின்னைக் காட்டினாள். அதனால் வெளிச்சம் ஒரே சுவரில்தான் விழும், மீதி வீடு இருட்டாக இல்லாமல் மங்கலாக இருக்கும். பிள்ளையை எப்போதும் விளக்குக்குப் பின்னால் வைத்துக்கொள், விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் விடாதே என்றாள். பிறகு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு புஷ்பம் முன்னால் நடக்க, நிழல் சுவரோடு சுவராக அவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து நடந்து கனியின் வீட்டுக்குள் நுழைந்தது. டைகரும் இடம் மாறி உட்கார்ந்தது. காலை பஸ்ஸில் புஷ்பம் ஏறியபோது, மகளைப் பார்க்கப் போகிறவள் மகளை விட்டுவிட்டுப் போகிறவள்போல அழுதாள், நாங்கள் அதையும் புத்திக் கலக்கத்தில் சேர்த்துக்கொண்டோம்.

கனியின் புருஷன் அன்றே ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டான். கனி கோலமாவால் விளக்குக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று வர்ஷிகாவிடம் சத்தியம் வாங்கினாள். பிள்ளையின் கையைத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் சோறு வடித்தாள், அப்படியேதான் தூங்கினாள், தூங்கினாள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். மதில் மேல் பூனை நடப்பதைப் பார்த்தால்கூட அவளுக்கு உடம்பு தூக்கிவாரிப் போடும். காலையில் கொழுந்துக் காட்டில் என் பக்கத்து நிரையில் நின்று பறிக்கிறபோது முற்றின இலையையும் கொழுந்தோடு சேர்த்துச் சாக்கில் போட்டாள். அது ராத்திரியெல்லாம் சும்மாதான் படுத்திருக்கிறது என்றும், சும்மா படுத்திருப்பதுதான் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாள். பிள்ளைக்குப் பயமே இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், அது காதை ஆட்டிக் கேட்டதாம்.

இப்படியே புஷ்பம் வரும்வரை ஓடியிருக்கும், அதற்குள் மாரியம்மன் திருவிழா வந்துவிட்டது.

எங்கள் எஸ்டேட் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் ஆற்றில் கரகம் ஜோடித்துக் கிளம்பும், அது பாடியைக் கடந்து கோயில் ஏறும்வரை ஒரு வீட்டிலும் விளக்கு எரியக் கூடாது. அம்மன் தன் தீச்சட்டி வெளிச்சத்தில் தானே வழி பார்த்து வருவாள், வேறு வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்த வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அவள் வீட்டுக்குள் வந்தால் உடம்பில் முத்து முத்தாக இறங்குவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். கனி பூசாரியிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோயில் கமிட்டி கூடியது. விளக்கை அணைத்தால் சிறுத்தை, எரியவிட்டால் அம்மை. ஒருவர் பேசினால் மற்றவர் இருமினார். எங்கள் எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், ஆத்தாளுக்குப் பயந்தவர்களும் நாங்கள்தான், நிழலுக்குப் பயந்தவர்களும் நாங்கள்தான். கடைசியில் பூசாரி ஒரு வழி சொன்னார்: விளக்கு எரியட்டும், அதன்மேல் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிடுங்கள். அம்மன் கண்ணுக்கு விளக்கு மறையும், வீட்டுக்குள் வெளிச்சமும் இருக்கும். என்ன அருமையான யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். இப்போது எல்லோரும் நைலான் சாக்கில்தான் பறிக்கிறோம், மூங்கில் கூடை பூசாரி வீட்டில்தான் இருந்தது. மாலைக்கண் வந்த அவர் மனைவி, அந்தி மயங்கிய நேரத்தில், ஒரு கல்லில்கூடத் தடுக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

கொழுந்து வேகாமல் காற்றுப் போக வேண்டும் என்று கூடையில் கண் விட்டுத்தான் பின்னுவார்கள். அது எங்களில் ஒருத்தருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

உறுமி மேளச் சத்தம் ஆற்றுப் பக்கம் கேட்டதும் வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கனி விளக்கின்மேல் கூடையைக் கவிழ்த்தாள், பின்பக்கத்து டின் இடித்தது, கூடை இறங்கவில்லை. டின்னைக் கழற்றி வைத்துவிட்டுக் கவிழ்த்தாள். சட்டென்று வீடு முழுவதும் புள்ளியாகிவிட்டது. எதிர்ச் சுவரில், பக்கச் சுவரில், கூரையில், தரையில், கோலமாவுக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், கூடையின் கண் வழியாக வந்த வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்து, சுடர் அசையும்போதெல்லாம் அசைந்தது. அத்தனை வருஷமாக வெறும் கறுப்பாக, உடம்பு இருந்த இடத்தின் கறையாக மட்டும் படுத்திருந்த அதற்கு அன்றைக்குத்தான் அதன் தோல் கிடைத்தது. விளக்குக்குப் பின்னால் என்று ஓர் இடமே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. சுவரில் படுத்திருந்தது எங்கே என்று கனி தேடினாள், எங்கே பார்த்தாலும் அதுவாகவே இருந்தது.

பிள்ளையை இழுத்து மடியில் போட்டு மேலே கவிழ்ந்துகொண்டாள். உறுமி வாசலுக்கு வந்துவிட்டது, இப்போது கூடையை எடுத்தால் அம்மன் திரும்புவாள். நனைந்த ரோமத்தின் வாடை அடித்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். பிடரியில் சூடாக மூச்சு பட்டதாம். பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருட்டில் என் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, உறுமிச் சத்தத்தையும் மீறி வர்ஷிகாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அம்மா, அது என்னைய மோந்து பாக்கு.”

கரகம் கடந்ததும் கனி கூடையைக் காலால் எட்டி உதைத்தாள். சுவரில் அது எப்போதும்போலப் படுத்து, வாயை நக்கிக்கொண்டிருந்தது. மடியில் பிள்ளை முழுசாக இருந்தாள். கை, கால், கழுத்து, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள், ஒரு கீறல் இல்லை. கனி அழுத அழுகையைக் கேட்டு நாங்கள் ஓடிப்போய், நாங்களும் பிள்ளையைத் தடவிப் பார்த்து, ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று பிரசாதத்தை வாயில் போட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையாக வெயிலில் நின்றபோதுதான் டீச்சர் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளின் காலடியிலும் ஒரு கறுப்புப் பிள்ளை படுத்திருந்தது, வர்ஷிகாவின் காலடியில் மண் மட்டும் இருந்தது.

நாங்கள் கனிக்கு ஆறுதல் சொன்னோம். நிழல் என்ன சோறு போடுமா என்றோம். மழைக்காலம் வந்தால் இந்த மலையில் மஞ்சுக்குள் யாருக்குத்தான் நிழல் இருக்கிறது, ஆறு மாதம் எல்லோரும் அப்படித்தானே அலைகிறோம் என்றோம். சொல்லிவிட்டு எங்கள் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டோம். வர்ஷிகா சாப்பிட்டாள், சிலேட்டில் எழுதினாள், ஆனால் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பவில்லை. சாயங்காலமானால் டைகரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். கனியும் பார்த்தாள். முதல் நாள் அவள் போட்ட சத்தத்தில் நான் ஓடிப்போனேன், சுவரில் சிறுத்தையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே, இரட்டைச் சடையோடு, தன் பிள்ளையின் நிழல் நிற்கிறது என்று விரலை நீட்டிக் காட்டினாள். அப்போதுதான் எனக்குப் புஷ்பம் ஞாபகம் வந்தது, அவள் இத்தனை வருஷமாக அந்தச் சுவரில் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் விளங்கியது.

புஷ்பம் ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். செலினுக்கு ஆண் குழந்தை, சுகப்பிரசவம். கையில் கல்கண்டுப் பொட்டலம். வீட்டைக்கூடத் திறக்காமல் நேராகக் கனியின் வாசலுக்கு வந்து, விளக்கைக் கொடு என்று கையை நீட்டினாள். கனி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“இனி தர முடியாது அக்கா. எம்மவ அதுக்குள்ள இருக்கா.”

புஷ்பம் அவள் தோளுக்கு மேல் எட்டி உள்ளே பார்த்தாள், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளையையும் பார்த்தாள். அவளுக்கு ஒருவரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்கண்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. வாசலில் கூடியிருந்த நாங்கள், இரண்டு பெண்களும் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் புஷ்பம் கெஞ்சுகிற குரலில் பேசினாள்.

“உன் புள்ள உன் வீட்டுல உக்காந்திருக்கா கனி. நீ தொட்டுப் பாத்துக்கலாம். எனக்கு அந்தச் சுவரு மட்டும்தானே இருக்கு.”

கனியின் விரித்த கைகள் தானாக இறங்கின. புஷ்பம் உள்ளே போய் விளக்கை எடுத்தாள், நிழல் எழுந்து சுவரோடு நடந்தது, டைகர் எழுந்து நடந்தது. வர்ஷிகாவும் எழுந்தாள், வாசலில் நின்ற தன் அம்மாவை ஒரு தூணைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிக்கொண்டு, விளக்கின் பின்னால் போனாள். கனி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. கனி தன் வீட்டுக் கதவை வெறுமனே சாத்திவிட்டு, பிள்ளையின் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

நாங்கள் புஷ்பத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றோம், கலைந்து போக ஒருவருக்கும் கால் வரவில்லை. உள்ளே இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள், கனி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தன் மகளின் நிழல் மட்டும்தான் தெரிந்தது, புஷ்பத்துக்குத் தன் மகளின் நிழல் மட்டும்தான் தெரிந்தது, எங்களுக்குச் சிறுத்தை மட்டும்தான் தெரிந்தது.

“எம்மவ எப்பவும் கைய மேல தூக்கிட்டே நிக்கா அக்கா,” என்றாள் கனி. “பயந்துபோய்த்தான் நிக்காளோ? எனக்குத் தாங்கலக்கா.”

புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள், பிறகு பின்னால் வந்து பார்த்தாள்.

“ரோஸ்லின் வளந்துட்டா கனி. இத்தன வருஷம் நிமிந்துதான் நடப்பா. இன்னைக்கு என்னமோ ஒரு பக்கமாக் குனிஞ்சு நடக்கா, சின்னப் புள்ளையக் கூட்டிட்டுப் போற மாதிரி.”

கனி மடியைக் குனிந்து பார்த்தாள். மடியில் இருந்த பிள்ளையின் வலது கை உயர்ந்து, விரல்கள் மடங்கி, காற்றில் எதையோ இறுகப் பிடித்திருந்தது.